உன் மாமனார் நாவலும் என் இரண்டு காதுகளும்

என் ராசா, ஐயா,

கல்யாண விருந்தில் நான் மைக்கைத் தொடக்கூடாது என்று நீ சொல்லி ஒரு வாரம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்குப் போனும் இல்லை. உன் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். அவளும் போனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்குப் போய்விடுகிறாள். சரி, பேசுவதற்குத்தானே தடை, எழுதத் தடை இல்லையே என்று உட்கார்ந்துவிட்டேன். அதுவும் நீயே கேட்ட விஷயத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மூன்று நாவல்களையும் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லுங்கள் என்று வாட்ஸாப்பில் கேட்டாய். நான் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். அந்தக் கட்டைவிரலுக்கு விளக்கம் இது. இந்தப் பேரா மாநிலத்திலேயே மூன்று நாவல்களையும் ஒரு வரி விடாமல் படித்த ஸ்கூல் பஸ் டிரைவர் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து.

நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆறாம் வகுப்பு சாதாரண ஆறாம் வகுப்பு இல்லை. நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வெளியூரிலிருந்து வந்த பள்ளி ஆய்வாளர் கண் கலங்கினார். உன் அம்மா பக்கத்தில் இல்லாதபோது அவர் தேம்பித் தேம்பி அழுதார் என்றே சொல்வேன். அப்படிப்பட்டவன் இலக்கிய அபிப்பிராயம் சொல்லத் தகுதியானவனா இல்லையா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டால் மத்தியானம் மணி அடிக்கும்வரை பஸ்ஸுக்கும் எனக்கும் வேலை கிடையாது. பெரிய மழைமரத்தின் கீழே நிறுத்திவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, கடைசி நீளச் சீட்டில் காலை நீட்டிப் படிப்பேன். அடுத்த பஸ்காரன் ஆ செங், சீனனாக இருந்தாலும் சித்தியவானில் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவன், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவான். தினமும் வந்து எட்டிப்பார்ப்பான். "அண்ணே, இன்னும் முடியலையா இந்த புக்கு? யாரு செத்தா இன்னிக்கு?" என்பான். நானும் அன்றைய பகுதியைச் சொல்வேன். கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்வேன். நாவலில் ஒருத்தன் காய்ச்சலில் செத்தால், என் வாயில் அவனைப் புலி அடித்திருக்கும். அவனும் கோப்பி ஆறிப்போவது தெரியாமல் கேட்பான்.

முதல் நாவல், நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போனது. சுங்காய்ப் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நடக்கும் கதை. எழுதியது ஒரு இளம்பெண். நல்ல தைரியசாலி, கதாநாயகி மானேஜரை எதிர்த்து நிற்கும் இடத்தில் நான் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் ஐயா, ஒரு குறை. அந்த நாவலில் எல்லாரும் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், ஒருத்தரும் ஒரு வாய் சோறு சாப்பிடவில்லை. அவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் நடக்கிறது, யார் வீட்டில் என்ன குழம்பு, அரிசி இருந்ததா இல்லையா, ஒன்றும் கிடையாது. வயிறு இல்லாதவர்கள் எதற்காகப் போராடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தால் சொல், அடுத்த நாவலில் ஒரு கருவாடாவது பொரிக்கச் சொல்.

இரண்டாவது, தமிழ்நாட்டிலிருந்து வந்த அந்தத் தடிப் புத்தகம். பஸ் சக்கரம் உருளாமல் அண்டை கொடுக்கலாம், அவ்வளவு கனம். செத்துப்போன அப்பாவை நினைத்துக்கொண்டு ஒரு மகன் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான், அதுதான் கதை. வேலைக்குப் போகிறானா, சம்பளம் யார் தருகிறார், கடைசிவரை தெரியாது. பாதியில் வீசிவிடலாமென்று இருந்தேன். அப்போது ஓர் இடம் வந்தது. அப்பாவின் குடை மூலையில் சாத்தியிருக்கிறது, மழை விட்டு வெகுநாள் ஆகியும் அவன் அதைத் தொட்டுப் பார்க்கிறான், ஈரமாக இருக்கிறதா என்று. அந்த ஒரு வரிக்காக மிச்சத்தையும் படித்தேன். படித்துவிட்டு எனக்கு வந்தது அழுகை இல்லை, பொறாமை. எழுதியவன் மேல் இல்லை. அந்தச் செத்துப்போன அப்பா மேல். பார், இந்த நாவல்களில் வரும் அப்பாக்களுக்கு என்ன யோகம்! செத்தாலும் மகன் அத்தனை பக்கம் நினைக்கிறான். இங்கே உயிரோடு இருக்கும் அப்பனுக்கு "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, சரிப்பா வைக்கிறேன்." அவ்வளவுதான்.

பொறாமை என்று எழுதிவிட்டேன். அழிக்கமாட்டேன். மற்றவர்கள் இதை மறைப்பார்கள், நான் மறைக்கிற ஆள் இல்லை. பொறாமைப்படுவதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. லாரி ஓட்டிய காலத்தில், எனக்கு முன்னால் போகும் லாரியின் ஹாரன் சத்தம் நன்றாக இருந்தால்கூட அன்று எனக்குச் சோறு இறங்காது. ஆனால் உன் பரிசத்தன்று எனக்கு வந்ததே, அதற்கு முன்னால் மற்றதெல்லாம் சும்மா.

உன் மாமனார் தைப்பிங்கிலிருந்து சீர்த்தட்டுகளோடு வந்தார். பழம், வெற்றிலை, இனிப்பு, பட்டு எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு தட்டில் அவர் எழுதிய நாவல், மேலே மஞ்சள் தடவி, ரோஜாப்பூ வைத்து. உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பெண்கள் எல்லாம் அந்தத் தட்டைத்தான் படம் பிடித்தார்கள். நாம் வைத்த பலகாரத் தட்டை, உன் அம்மா இரண்டு நாள் முறுக்குச் சுட்ட தட்டை, ஒருத்தரும் பார்க்கவில்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெள்ளை வேட்டி, எண்ணெய் தேய்த்து வாரிய முடி. அந்த வயதில் அத்தனை முடி எதற்கு என்று நான் அப்போதே நினைத்தேன். நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, அந்த வெள்ளம் வர்ற சீன்! படிச்சதும் எனக்குத் தூக்கமே வரலை மாமா," என்றாய். நான் எதிரே உட்கார்ந்து ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தேன். நீ என்னிடம் தூக்கம் வரவில்லை என்று சொன்னது உனக்குப் பல் முளைத்தபோதுதான், அதுவும் வாயால் சொல்லவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த நாவலைப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் குறை கண்டுபிடித்து, உன் முன்னால் கிழித்துத் தோரணம் கட்டுவது என்று. அப்படி ஒரு வெறியோடு எந்தப் பண்டிதனும் எந்தப் புத்தகத்தையும் படித்திருக்கமாட்டான். ஒருமுறை படித்தேன், குறை கிடைக்கவில்லை. கண்ணாடி சரியில்லையோ என்று புதுக் கண்ணாடி மாற்றி மறுபடியும் படித்தேன். மூன்றாவது முறை ஆ செங்குக்காகச் சத்தமாகவே படித்துக் காட்டினேன். வெள்ளத்துச் சீன் வந்தபோது அவன் எழுந்துபோய்த் தன் பஸ்ஸைத் துடைத்தான். ஏற்கெனவே துடைத்த பஸ்தான். எனக்கு வயிறு எரிந்தது. நான் சேர்த்துச் சொல்ல ஓர் இடம் வைக்கவில்லையே அந்த மனிதர்! புலி வேண்டாம், பாம்பு வேண்டாம், வெறும் தண்ணீர். காய்ச்சல்காரப் பையனை அப்பா தோளில் ஏற்றிக்கொண்டு மார்பளவு வெள்ளத்தில் ஆற்றைக் கடக்கிறார். பையன் அவர் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொண்டிருக்கிறான். அப்பாவுக்குக் காது வலிக்கிறது. வலிக்கும்வரை பையன் முழித்திருக்கிறான் என்று அர்த்தம். பிடி தளர்ந்தால்தான் அவர் பயப்பட வேண்டும். இதை எப்படி ஐயா ஒருத்தர் யோசிப்பார்? நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு!

இனி போன ஞாயிற்றுக்கிழமை நடந்த அந்த நாவலின் வெளியீட்டுக்கு வருகிறேன். நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் நீ முன்வரிசையிலிருந்து பார்த்தாய், நான் மேடையிலிருந்து பார்த்தேன். இரண்டும் ஒன்றில்லை. நம் ஊர் நூல் வெளியீடு எப்படி நடக்கும் என்பது தெரிந்ததுதானே. குத்துவிளக்கு, தமிழ் வாழ்த்து, பிரமுகர் வந்து முதல் நூலைப் பெற்றுக்கொள்வார், பிறகு ஒவ்வொருவராகப் பண உறையைக் கொடுத்து நூலை வாங்கி, எழுத்தாளரோடு நின்று படம் பிடித்து, மீகூன் சாப்பிடப் போவார்கள். பேசியவர்கள் எல்லாரும் உன் மாமனாரைப் புகழ்ந்தார்கள். பண்பாளர் என்றார்கள், மொழிக் காவலர் என்றார்கள், ஒருத்தர் அவருடைய கையெழுத்து அழகைப் பற்றியே பேசி முடித்தார். எனக்கு உள்ளே கொதித்தது. எதனால் கொதித்தது என்று அப்போது தெரியவில்லை, பொறாமை என்றே எடுத்துக்கொண்டேன். "மாப்பிள்ளையின் தந்தை இரண்டு வார்த்தை" என்று அறிவிப்பாளர் சொன்னதும் உன் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். "வாழ்த்திட்டு எறங்கிருங்க. புலி கதை வேணாம் லா," என்றாள். நானும் தலையாட்டிவிட்டுத்தான் ஏறினேன்.

மேலே போனதும் உன்னைத்தான் பார்த்தேன். நீ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவ்வளவுதான். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "இந்த நாவலில் ஆற்றைக் கடந்த அப்பா யார் தெரியுமா? இதோ நிற்கிறேன்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியுமா? பையன் காய்ச்சல், தண்ணீரின் நிறம், காலில் சிக்கிய முள்கம்பி, தோளில் போட்ட துண்டின் கரை, எல்லாம் சொன்னேன். "என் காது இரண்டும் ஒரு சுற்று பெரிசா இருக்கே, எல்லாரும் கேப்பாங்க. என் மகன் பிடிச்ச பிடி அப்படி!" என்று காதைத் தொட்டுக் காட்டினேன். மண்டபம் சிரித்தது, அப்புறம் அழுதது. மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். என் வாழ்நாளில் அப்படி ஒரு கைதட்டு நான் வாங்கியதில்லை. பொய்க்கு ஓர் அளவு உண்டு என்பது எனக்குத் தெரியும், அன்றைக்கு அந்த அளவைத் தாண்டி அக்கரைக்கே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு உன் மாமனார் ஏற்புரைக்கு எழுந்தார். நான் நாற்காலியில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், என் மானம் மீகூனோடு போய்விடும். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "சம்பந்தி சொன்னாருங்களே, அந்தக் காது பிடிச்ச விஷயம், அது அவருக்குச் சொந்தமானதுதான்." மறுபடியும் கைதட்டு. என்னைக் காப்பாற்றிவிட்டார். ஐயா, ஒரு மனிதனை வெறுக்க நினைத்து, அவன் நல்லவனாகவும் இருந்து தொலைத்தால் அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

கார் நிறுத்தும் இடத்தில் நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "எந்த ஆறு பா? நம்ம தாமான் வீடுங்க பக்கம் ஆறு எங்க இருக்கு? வீட்டுக்கு முன்னால ஒரு லோங்காங் ஓடுது, அந்தச் சாக்கடையிலயா நீந்துனீங்க?" என்றாய். "எனக்கு டெங்கி வந்தப்ப நீங்க ஜொகூர்ல லோரி ஓட்டிக்கிட்டு இருந்தீங்க. அம்மாதான் பக்கத்து வீட்டு வேன்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு." உன் அம்மா, "விடுய்யா, எல்லாரும் பாக்குறாங்க," என்றாள். நீ விடவில்லை. "அந்த நாவல்ல வர்ற அப்பா கடைசி வரைக்கும் மகன் கூடவே நின்னாரு. அவரப் போய் நீங்கன்னு சொல்றீங்களே, கூச்சமா இல்ல? கல்யாணத்துல மைக் பக்கமே வராதீங்க. மாமாவே ரெண்டு குடும்பத்துக்கும் சேத்துப் பேசட்டும்." கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாய்.

நீ பிறந்த நாளிலிருந்து உன் கல்யாண விருந்தில் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருக்கிறேன். லாரி ஓட்டும்போது பேசிப் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில் பிள்ளைகள் இறங்கிய பிறகு காலிச் சீட்டுகளுக்குப் பேசிக் காட்டியிருக்கிறேன். அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாய். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் நான் யோசித்தது மைக்கைப் பற்றி இல்லை. நீ சொன்ன இன்னொரு வார்த்தையைப் பற்றி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் புதன்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும், அது உனக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தியிருந்தேன். அவருடைய பழைய கார் வந்து பக்கத்தில் நின்றது. தைப்பிங்கிலிருந்து தனியாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பஸ்ஸில் ஏறி, சின்னப் பிள்ளைகள் உட்காரும் சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தயாராக இருந்தேன்.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கலாங்களா?" என்றார்.

"கேளுங்க. பொய்தான். அதுக்கு என்னாங்கிறீங்க?"

"அது இல்லைங்க. நாவல் எப்படி இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அத்தனை பேர் மேடையில் சொன்னார்களே என்றேன். அவர் சிரித்தார். "அத்தனை பேருல ஒருத்தரும் படிக்கலைங்க சம்பந்தி. அட்டையைத்தான் பாத்தாங்க. வாங்கிட்டுப் போன புக்கு எல்லாம் பிளாஸ்டிக் உறையோட அலமாரியில நிக்கும். இதுக்கு முன்னால எழுதுனதும் அப்படித்தான் நிக்குது. துண்டோட கரை என்ன கலருன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். முள்கம்பி வலது கால்ல சிக்குச்சுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். நான் எழுதுன ஒரு வரியை அந்த மேடையில கேட்டது அப்பதான். பொய்யைப் பிடிக்க எனக்கு எப்படிங்க மனசு வரும்?"

மேடையில் எனக்குள் கொதித்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. படிக்காமல் புகழ்கிறார்களே என்றுதான் கொதித்திருக்கிறது. அவரை வெறுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே, அவருக்காகக் கோபப்பட்டிருக்கிறேன். இப்படிக்கூட ஒரு பொறாமை உண்டு என்பதை நான்தான் முதலில் கண்டுபிடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். மத்தியான மணி அடிக்கும்வரை பேசினோம். நான் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன், எட்டாம் அத்தியாயத்தில் வரும் மாமியாரைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்றேன். அவர் "அட, ஆமாங்க" என்று தொடையில் தட்டிக்கொண்டார். ஆ செங் மூன்று பேருக்கும் கோப்பி வாங்கிவந்தான். "வாத்தியார், வெள்ளம் சீனுல நான் அழல, தூசு விழுந்திருச்சு," என்று கேட்காமலே சொன்னான். இலக்கியக் கூட்டம் என்றால் அதுதான் ஐயா. மண்டபம் வேண்டாம், பேனர் வேண்டாம்.

கிளம்பும்போது அவர் இரண்டு விஷயம் கேட்டார். முதலாவது, மைக். "மாப்பிள்ளை என்னைய ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் பேசச் சொன்னாரு. அது முறை இல்லைங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா அவரு கேப்பாரு," என்றார். கேட்பாய், எனக்குத் தெரியாதா? அதனால்தான் வேண்டாம் என்றேன். உன்னிடமிருந்து எனக்கு வரவேண்டியது அவர் கை வழியாக வந்தால் அது எனக்குத் தொண்டையில் இறங்காது. திமிர் என்று சொன்னாலும் சரி.

இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "மாப்பிள்ளை முழுக்கப் படிச்சாருங்களா? வெள்ளத்தைப் பத்தி மட்டுந்தான் பேசுறாரு. அதுக்கு அப்புறம் பாதிப் புக்கு இருக்கே, அதைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல."

இப்போது வருகிறேன், கார் நிறுத்தும் இடத்தில் நீ சொன்ன அந்த வார்த்தைக்கு. "கடைசி வரைக்கும் மகன் கூடவே நின்னாரு" என்றாயே, அவர் நிற்கவில்லை ஐயா. வெள்ளம் பாதியிலேயே வடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் என்ன ஆகிறார் என்பதுதான் மிச்சக் கதை. நீ அங்கே போகவே இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பொறாமைக்காரனுக்கு அதைவிட இனிப்பு வேறு உண்டா? நீ தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் மாமாவின் நாவலை நீயே பாதியில் மூடிவிட்டாய். அதை அவரிடம் சொல்ல ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"மூணு தடவை படிச்சுட்டான் சம்பந்தி," என்றேன். "கடைசி அத்தியாயம் முடிச்சுட்டு எனக்குப் போன் போட்டு அழுதான். 'அப்பா, மாமா எப்படிப்பா இப்படி எழுதுனாரு'ன்னு ஒரே அழுகை. நான்தான் சமாதானப்படுத்துனேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்து எனக்கு மறுபடியும் பொறாமை. நீ எனக்குப் போன் போட்டு அழுததே இல்லையே, நானே செய்த பொய்யைப் பார்த்து நானே ஏங்கிக்கொண்டு நிற்கிறேன்.

நீ ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். அப்பன் என்ற முறையில் ஒரு புத்தி சொல்கிறேன். உன் பெண்டாட்டி படிக்கும் நாவலை நீயும் படி, முழுக்கப் படி. அவள் எந்தப் பக்கத்தில் சிரித்தாள், எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள் என்று கவனி. உன் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதை படிப்பாள், நான் அது பொம்பளைக் கதை என்று கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். அவள் அதற்குள் எங்கே போய் வந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யார் மேலாவது பொறாமைப்பட்டாலும் படு, தப்பில்லை, அது நம் குடும்பச் சொத்து. ஆனால் படித்துவிட்டுப் பொறாமைப்படு. படிக்காமல் பாராட்டுவதைவிட அது மரியாதை.

மூன்றாவதான உன் மாமனார் நாவலைப் பற்றி என் அபிப்பிராயம் இன்னும் பாக்கி இருக்கிறது. முடிவைச் சொல்லமாட்டேன். அந்த அப்பா பிறகு மரக்கட்டை லாரிக்குப் போகிறார். வீட்டுக்கு எப்போதாவது வருகிறார். பையன் பள்ளியில் பரிசு வாங்கும்போது அவர் இல்லை, அடுத்த காய்ச்சலுக்கும் இல்லை. உன் மாமனார் அவரைத் திட்டவும் இல்லை, தூக்கிப்பிடிக்கவும் இல்லை. ஓர் அத்தியாயம் முழுக்க அந்த மனிதர் மட்டும், ரோட்டோரக் கடையில், சோற்றுத் தட்டோடு. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் கொஞ்சம் சோறு, ஒரு துண்டு பொரித்த மீன் ஒதுக்கி வைக்கிறார். யாருக்கென்று எழுதவில்லை. கடைக்காரன் தட்டை எடுக்க வந்ததும் அதையும் அவரே தின்றுவிட்டு லாரியில் ஏறுகிறார்.

நான் எல்லாக் கதையும் எல்லாரிடமும் சொல்வேன். நடக்காததையும் சொல்வேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது, புலியா பாம்பா? ஜொகூர்ச் சாலையில் எந்தக் கடையில், எந்த மேசையில் என்று இப்போதும் எனக்குத் தெரியும். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராமல் அவர் அதை எழுதிவிட்டார். வெள்ளத்தைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை ஒன்றுமே இல்லை. இந்தப் பக்கத்தைப் படித்தபோதுதான் என்னிடமிருந்து யாரோ எதையோ எடுத்துவிட்டது போலவும், எடுத்துப் பத்திரமாக வைத்தது போலவும் இருந்தது. மேடையில் நான் இந்தப் பக்கத்தைக் காட்டி "இது நான்" என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆகியிருக்காது. ஆனால் அதற்கு யார் கைதட்டுவார்கள்?

ஆக, கல்யாணத்துக்கு முன்னால் அந்த நாவலை முடித்துவிடு. நீ மூன்று தடவை படித்தவன் என்று உன் மாமனார் நம்பிக்கொண்டிருக்கிறார், பெண் வீட்டில் என் வார்த்தை கெட்டுப்போகக் கூடாது. படித்து முடித்த பிறகு மைக்கைப் பற்றி நீயே முடிவு செய். யாரும் உன்னிடம் சிபாரிசுக்கு வரமாட்டார்கள். அப்போதும் வேண்டாம் என்றால் வேண்டாம். அவரே பேசட்டும், நன்றாகவும் பேசுவார், பாவி மனிதர். நான் கீழே முதல் மேசையில் உட்கார்ந்து கைதட்டுவேன். பந்தல்காரன் ஸ்பீக்கர் வெடித்துவிட்டதென்று ஓடிவருவான், பார்த்துக்கொள், அப்படித் தட்டுவேன்.

உன்,
அப்பா